நிரலாளர்களுக்கான திரைச் செல்லங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடபழஞ்சி, இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் பணிபுரிவோரும், திருப்பரங்குன்றம் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவர்களும், வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப வீட்டிலிருந்தே இரவுப் பணி பார்ப்போருமாகப் பலர், நிரல் எழுதும்போது திரையோரத்தில் உடனிருக்கும் ஒரு சிறு விலங்கைத் தமக்கென்று உருவாக்கிக்கொள்ள விரும்புகிறார்கள். மதுரையில் இருந்தபடி இத்தகைய செல்லங்களை வரைந்து இயக்கித் தரும் பணியில் ஈடுபட்டிருப்பதால், அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பவற்றுக்கான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

திரைச் செல்லம் என்பது என்ன?

கணினித் திரையிலோ நிரல் எழுதும் மென்பொருளின் ஒரு மூலையிலோ நடந்தும், உட்கார்ந்தும், தூங்கியும் காலம் கழிக்கும் சிறிய அசையும் உருவம். அது நமக்காக எந்த வேலையும் செய்வதில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதும் இல்லை.

இது இப்போது வந்த மோகமா?

இல்லை. 1980-களில் ஜப்பானில் என்.இ.சி. நிறுவனத்தின் பிசி-9801 கணினிக்காக எழுதப்பட்ட நெக்கோ என்ற பூனையிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. சுட்டி எங்கே போனாலும் அந்தப் பூனை பின்னாலேயே ஓடும். சுட்டி நின்றுவிட்டால் முகத்தைக் கழுவும், கொட்டாவி விடும், பிறகு சுருண்டு தூங்கிப்போகும். திரையின் விளிம்பில் முட்டினால் சுவரைப் பிறாண்டும். 1989-இல் கென்ஜி கோட்டோ அதை மெக்கின்டாஷுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டிலேயே அது யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்புக்கும் வந்து சேர்ந்தது. 32-க்கு 32 பிக்சல் அளவில், கறுப்பு வெள்ளையில் வரையப்பட்ட அந்தப் பூனையை இன்றும் இணையப் பக்கங்களில் காணலாம்.

1995-இல் விண்டோஸ் திரையில் மேய்ந்த ஆடும், அதே ஆண்டில் பி.எஃப். மேஜிக் நிறுவனம் விற்ற நாய்க்குட்டிகளும், 1996 நவம்பரில் பண்டாய் வெளியிட்ட கையடக்க மின்னணுச் செல்லமான டமகோச்சியும், 2009-இல் ஜாவாவில் எழுதப்பட்டு சாளரங்களின் மீது ஏறி இறங்கிய ஷிமெஜியும் அடுத்தடுத்து வந்தவை. இப்போது பலருக்கும் அறிமுகமாகியிருப்பது, நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் மென்பொருளுடன் சேர்த்துக்கொள்ளும் வகையில் ஆண்டனி ஷா எழுதிய விஎஸ் கோட் பெட்ஸ் என்னும் நீட்சி (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்). அதில் பூனை, நாய், நண்டு, பாம்பு எனப் பல உருவங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆயத்தமாகக் கிடைப்பதில் நிறைவு கொள்ளாமல், தன் வீட்டு நாயையே வரைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தப் பக்கத்தின் பெரும்பகுதியை எழுதியிருக்கிறேன்.

வேலையில் கவனம் சிதறாதா?

சரியாக வடிவமைக்காவிட்டால் கட்டாயம் சிதறும். நம் ஓரப் பார்வை நுணுக்கங்களைத் தெளிவாகக் காண்பதில்லை. ஆனால் அசைவை உடனே பிடித்துவிடும். திரை மூலையில் ஒரு பொருள் ஓயாமல் குதித்துக்கொண்டிருந்தால், நாம் விரும்பாவிட்டாலும் கண் அங்கே போய்த்தான் வரும். ஆகவே நான் வரைந்து தரும் செல்லங்களில் பெரும்பகுதி நேரத்தைச் சும்மா இருப்பதற்கே ஒதுக்குகிறேன். பத்து நிமிடத்தில் எட்டு நிமிடமாவது அது படுத்திருக்க வேண்டும் அல்லது உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நடப்பதும் மெதுவாகவே இருக்க வேண்டும். உண்மையான நாயும் பூனையும் நாளின் பெரும்பகுதியை அப்படித்தான் கழிக்கின்றன என்பதால், இது இயல்புக்கு மாறானதும் அல்ல.

குறுக்கிடும் துணைக்கு என்ன நேரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 97-இல் வந்த காகிதக் கவ்வி உருவம் நல்ல சான்று. கடிதம் எழுதத் தொடங்கியவுடன் எட்டிப் பார்த்து உதவி வேண்டுமா என்று கேட்ட அந்த உருவம் பலரைச் சலிப்படையச் செய்தது. 2001-இல் வெளிவந்த பதிப்பில் அது தானாகத் தோன்றுவது நிறுத்தப்பட்டு, 2007 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. அதன் வரைகலையில் பெரிய குறை ஏதும் இருந்ததாக நான் கருதவில்லை. கேட்காத நேரத்தில் பேசியதே அதன் குறை. அருகில் இருப்பதும் குறுக்கே வருவதும் வேறு வேறு என்பதை, செல்லத்தை உருவாக்குபவர் எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மறுபுறம், 2012-இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோ குழுவினர் நடத்திய ஆய்வில், நாய்க்குட்டி, பூனைக்குட்டி படங்களைப் பார்த்த மாணவர்கள் அதன்பின் செய்த நுணுக்கமான கைவேலையிலும் எண் தேடும் பணியிலும் கூடுதல் கவனத்துடன் செயல்பட்டார்கள். அது வேலைக்கு முன் காட்டப்பட்ட அசையாப் படங்களைப் பற்றியதேயன்றி, வேலையின் நடுவே நடமாடும் உருவத்தைப் பற்றியது அல்ல; எனவே செல்லம் வைத்தால் பிழை குறையும் என்று யாருக்கும் நான் உறுதி கூறுவதில்லை. நள்ளிரவு தாண்டியும் தனியாக உட்கார்ந்து பிழை தேடுபவருக்கு, பக்கத்தில் ஓர் உயிரின் சாயல் இருப்பது ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலே போதுமான காரணம் என்று நான் மனமார நம்புகிறேன்.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் நாள்தோறும் பார்த்துப் பழகிய விலங்கை. இணையத்தில் கிடைக்கும் உருவங்களில் பெரும்பாலானவை, நம் தெருக்களில் காணக் கிடைக்காத வெளிநாட்டு நாய்களையும் நரிகளையும் பார்த்து வரையப்பட்டவை. அவை அழகானவைதான், ஆனால் ஒரு விலங்கின் நடையும் படுக்கும் விதமும் தெரிந்திருந்தால்தான் நாலைந்து பிக்சல்களில் அதற்கு உயிர் கொடுக்க முடியும்.

நாய் என்றால் நம் தென்மாவட்டங்களிலேயே வளம் நிறைய உண்டு. ராஜபாளையம் நாய் முழு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. கோம்பை செம்பழுப்பு நிறமும் கறுத்த முகவாயும் கொண்டது. சிப்பிப்பாறை ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் உடையது. அந்த வளைந்த வயிற்றுக் கோட்டை மட்டும் சரியாகப் போட்டுவிட்டால், அறிந்தவர்கள் பெயரைக் கேட்காமலே இனத்தைச் சொல்லிவிடுவார்கள். தெரு நாயையே வரையச் சொல்பவர்களும் உண்டு. பாதி மடிந்த காதும் சற்றே வளைந்த வாலும் வரைபவருக்கு எளிதில் வசப்படும் அடையாளங்கள்.

பாலமேடு, அலங்காநல்லூர், அவனியாபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் காளையைக் கேட்பது இயல்பு. புலிக்குளம் காளையின் கருஞ்சாம்பல் நிறமும் உயர்ந்த திமிலும் மிகச் சிறிய அளவிலும் எடுப்பாகத் தெரியும். ஆனால் வாடிவாசலிலிருந்து பாயும் காளையைத் திரையில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பாய்ச்சல் ஓரிரு முறை பார்க்க நன்றாக இருக்கும், பிறகு தொல்லையாகிவிடும். புலிக்குளம் மாடுகள் வயல்களில் கிடை போடப்படும் மாடுகளும் அல்லவா? மாலையில் கிடையில் படுத்து அசைபோடும் காளையை வரையுங்கள். தாடை மட்டும் அசையும் அந்தக் காட்சி, நிரல் எழுதுபவருக்கு மிகப் பொருத்தமான துணை.

கிளியை மறக்க முடியாது. மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகளை வளர்த்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். இன்று பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கிளி வளர்க்கும் ஆசை உள்ளவருக்குத் திரைக்கிளி நேர்மையான வழி. அதற்குக் கூண்டு வரையாமல் விட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு பல்லி. சாளரங்களின் விளிம்புகளில் ஏறி இறங்கும் செல்லம் வேண்டும் என்றால், செங்குத்தான சுவரில் இயல்பாகவே நிற்கும் பல்லியைவிடப் பொருத்தமான உயிர் வேறு இல்லை. நெடுநேரம் அசையாமல் இருந்து, திடீரென்று இரண்டடி நகர்ந்து, மறுபடி அசையாமல் நிற்பது அதன் இயல்பு. ஒலி மட்டும் சேர்க்க வேண்டாம். நம் வீடுகளில் பல்லி சொன்னால் பலன் பார்ப்பவர்கள் இருப்பார்கள், நிரலைச் சேவையகத்தில் ஏற்றும் நேரத்தில் அது சொன்னால் குழப்பம்தான்.

எத்தனை படங்கள் வரைய வேண்டும்?

தொடங்குவதற்கு இரண்டே படங்கள் போதும். தூங்கும் விலங்கு ஒன்றை வரைந்து, அதன் முதுகுக் கோட்டை ஒரு பிக்சல் மட்டும் உயர்த்தி இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் ஒரு விநாடி இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால் அது மூச்சுவிடத் தொடங்கிவிடும். முதல் நாளிலேயே உங்கள் செல்லம் திரையில் இருக்கும்.

பிறகு உட்காருதல், நடத்தல், திரும்பிப் பார்த்தல் ஆகிய நிலைகளைச் சேர்க்கலாம். நடைக்கு நான்கு ஃபிரேம்கள், அதாவது அடுத்தடுத்துக் காட்டப்படும் நான்கு படங்கள், போதும். எட்டு இருந்தால் நடை மென்மையாகத் தெரியும். விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஃபிரேம்களுக்கு மேல் பிக்சல் ஓவியத்துக்குத் தேவையில்லை. 32-க்கு 32 அல்லது 64-க்கு 64 பிக்சல் கட்டத்தில் வரைந்து, எல்லா ஃபிரேம்களையும் ஒரே தாளில் வரிசையாக அடுக்கி வைப்பது வழக்கம். அதையே ஸ்பிரைட் ஷீட் என்கிறோம்.

புதிதாக வரைபவர்கள் தடுமாறும் இடம் பாதம். எல்லா ஃபிரேம்களிலும் தரையில் ஊன்றிய பாதம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலங்கு நடக்காமல் துள்ளும். அதேபோல, ஒரு நடைச் சுற்றில் கால்கள் காட்டும் தூரமும் உருவம் திரையில் நகரும் தூரமும் ஒத்துப்போக வேண்டும். எட்டு ஃபிரேம் கொண்ட சுற்றில் கால்கள் 16 பிக்சல் தூரம் நடப்பதாக வரைந்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 2 பிக்சல் நகர்த்துங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் ஈரத் தரையில் வழுக்குவதுபோலத் தோன்றும்.

வலப்பக்கம் நடப்பதை வரைந்து, இடப்பக்கத்துக்கு அதையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்வது வேலையைப் பாதியாக்கும். ஆனால் உங்கள் நாய்க்கு ஒரு காது மட்டும் கறுப்பு என்றால் இந்தச் சுருக்கவழி உதவாது. திரும்பும்போதெல்லாம் கறுப்பு அடுத்த காதுக்குத் தாவிவிடும். அப்படிப்பட்ட நாய்க்கு இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக வரைந்துவிடுங்கள். அந்தக் காதுக்காகத்தானே அதை வரைகிறோம்.

எதில் வரைவது?

உலாவியிலேயே இயங்கும் பிஸ்கெல் இலவசம். தொடக்கத்துக்கு அது போதும். தொடர்ந்து வரைய விரும்புபவர்கள் கட்டணம் செலுத்தி ஏஸ்ப்ரைட் வாங்கலாம், அல்லது இலவசமான லிப்ரேஸ்ப்ரைட், கிரிட்டா ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படங்களை உருவாக்கலாமா?

முதல் யோசனைக்குப் பயன்படுத்தலாம். நடைச் சுற்றுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு ஃபிரேமில் இருக்கும் புள்ளி அடுத்த ஃபிரேமில் இடம் மாறியிருக்கும், வாலின் நீளம் மாறியிருக்கும், பிக்சல்கள் கட்டத்தில் ஒழுங்காகப் பொருந்தாமல் இருக்கும். வண்ணங்களை ஒரு சிறு தொகுப்புக்குள் குறைத்து, கட்டத்தில் பொருத்தி, ஒவ்வொரு ஃபிரேமையும் கையால் திருத்த வேண்டிவரும். அந்த உழைப்பில் நீங்களே வரைந்துவிடலாம் என்பது என் கருத்து. வரையும்போது அந்த விலங்கை உற்றுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பும் வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

படத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதே, ஏன்?

நீங்கள் ஜிஃப் கோப்பாகச் சேமித்திருப்பீர்கள். ஜிஃபில் ஒரு ஃபிரேமுக்கு 256 வண்ணங்களே உண்டு. ஒரு பிக்சல் முழுதும் ஒளி ஊடுருவுவதாக இருக்கும் அல்லது முழுதும் மறைப்பதாக இருக்கும், இடைநிலை கிடையாது. வெள்ளைப் பின்னணியில் மென்மையாக்கப்பட்ட விளிம்பு, கரும் பின்னணிக்கு வந்ததும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பிஎன்ஜி கோப்பில் ஸ்பிரைட் ஷீட்டாகச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. பெரிதாக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என முழு எண்களில் மட்டும் பெரிதாக்குங்கள். ஒன்றரை மடங்கில் பிக்சல்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறிக் கலங்கிவிடும்.

கரும் பின்னணியில் பணிபுரிபவர் கறுப்புப் பூனை வைத்தால் கண்கள் மட்டுமே தெரியும் என்பதையும், வெளிர் பின்னணியில் ராஜபாளையம் நாய் காணாமல் போய்விடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். உருவத்தின் மேல் விளிம்பில் ஒளி பட்டதுபோல ஒரு பிக்சல் அகலத்துக்கு மாறுபட்ட நிறத்தில் கோடு இழுத்தால் இரண்டு பின்னணிக்கும் பொருந்தும்.

எழுதும் நிரல் வரிகளின் மேலேயே அதை நடக்க வைக்க முடியுமா?

விஎஸ் கோட் நீட்சிகளுக்கு அந்த அனுமதி இல்லை. அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட பலகத்துக்குள் மட்டுமே அவை வரைய முடியும். வரிகளின் மேல் நடக்க வேண்டுமானால், எல்லாச் சாளரங்களுக்கும் மேலே நிற்கும் ஒளி ஊடுருவும் சாளரம் ஒன்றைத் தனி நிரலாக எழுதி, சுட்டியின் அழுத்தங்கள் அதைத் தாண்டிக் கீழே உள்ள மென்பொருளுக்குப் போகும்படி அமைக்க வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் இது எளிது. லினக்ஸில், சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் அமைப்பில் இயங்கும். புதிய வேலேண்ட் அமைப்பில் ஒரு சாளரம் திரையில் தனக்கான இடத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ள இயலாது என்பதால் கூடுதல் வழிகள் தேவைப்படும். என்னைக் கேட்டால், பலகத்துக்குள் இருப்பதே நல்லது.

நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனை தோற்றால் அழுவது, வென்றால் ஆடுவது என்று அமைக்கலாமா?

தொழில்நுட்பப்படி கடினம் இல்லை. எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. விஎஸ் கோடில் ஒரு பணி முடிந்ததையும், அது விட்டுச்சென்ற எண்ணையும், பிழைக் குறிகள் மாறியதையும், கோப்பு சேமிக்கப்பட்டதையும் நீட்சியால் அறிந்துகொள்ள முடியும்.

ஆனால் அழ வைக்காதீர்கள். சோதனை தோற்பது நிரல் எழுதுவதன் அன்றாடப் பகுதி. தோற்கும் சோதனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நிரலை எழுதுவது நல்ல பழக்கமாகவே கற்பிக்கப்படுகிறது. அதற்கெல்லாம் ஒரு விலங்கு துயரப்பட்டால், நாளடைவில் அந்த முகத்தைப் பார்க்கவே மனம் அஞ்சும். தோல்வியின்போது அது தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுச் சற்று அருகில் வந்து உட்காரட்டும். வெற்றியின்போது இரண்டு முறை வாலாட்டினால் போதும்.

பசி, தாகம் வைக்கலாமா?

வேண்டாம். டமகோச்சியைக் கவனிக்காமல் விட்டால் இறந்துவிடும். அந்த விளையாட்டின் சுவையே அதில் இருந்தது. வேலைநேரத் துணைக்கு அது ஒவ்வாது.

மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்துவிடுமா?

கவனமின்றி எழுதினால் தீரும். விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிப்பதை விட்டுவிட்டு, ஃபிரேம் மாறும்போது மட்டும் வரையுங்கள். தூங்கும் நிலையில் விநாடிக்கு ஒரு முறை போதும். பலகம் மறைந்திருந்தால் முழுவதும் நிறுத்துங்கள். வலைப்பக்க நுட்பங்களைக் கொண்டு கணினி மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரானில் தனி நிரலாக எழுதினால் அது தன்னுடன் ஒரு முழுக் குரோமியம் உலாவியையே சுமந்து வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கோடையில் மின்சாரம் போய்ப் பேட்டரிக்கு மாறும் நேரத்தில் செல்லம் தானாகவே தூங்கிவிடும்படி அமைப்பது எளிது, பார்க்கவும் பொருத்தமாக இருக்கும். இயங்குதளத்தில் அசைவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தவர்களுக்கு அசையாப் படமே தெரிய வேண்டும். அசைவைக் கண்டால் தலைசுற்றல் வருபவர்கள் இருக்கிறார்கள்.

அலுவலகக் கணினியில் நிறுவலாமா?

அனுமதி பெற்ற பிறகு மட்டும். விஎஸ் கோட் நீட்சி ஒன்று நிறுவப்பட்டவுடன், அந்த மென்பொருளுக்கு உள்ள அனுமதிகள் அனைத்தும் அதற்கும் கிடைக்கின்றன: உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், இணையத்தைத் தொடர்புகொள்ளலாம், வேறு நிரல்களை இயக்கலாம். அழகான உருவத்தின் பின்னால் தீய நோக்கம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 1999-இல் வந்த பொன்ஸி பட்டி என்ற ஊதா நிறக் குரங்கு வரலாற்றுச் சான்று. குழந்தைகளின் தனிப்பட்ட விவரங்களைச் சேகரித்ததற்காக அதன் நிறுவனம் 2004-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 75,000 டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. மூல நிரல் திறந்திருக்கிறதா, வெளியிட்டவர் யார், அது இணையத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு பூனை தூங்குவதற்கு இணைய இணைப்பு தேவையே இல்லை. வாடிக்கையாளருடன் திரையைப் பகிரும் கூட்டங்களுக்காக, ஒரே விசையில் மறைக்கும் வசதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாய் இறந்துவிட்டது. அதை வரைந்து தர முடியுமா?

முடியும், இந்த வேண்டுகோளை நான் மிகுந்த பொறுப்புடன் ஏற்கிறேன். நல்ல புகைப்படங்களைவிட எனக்கு உதவுவது, அது எப்படிப் படுக்கும், உங்களைப் பார்த்ததும் முதலில் என்ன செய்யும், எந்தக் காலைச் சற்றுத் தூக்கி வைத்து நடக்கும் என்பன போன்ற செய்திகள்தாம். கைப்பேசியில் எடுத்த சில விநாடிக் காணொளி இருந்தால் மிக நல்லது. வீட்டில் மற்றவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் அதைத் திடீரெனக் காண்பது சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்குத் தாங்க முடியாததாகவும் இருக்கும். அந்தச் செல்லத்தைச் சோதனை முடிவுகளுடனோ பிழைகளுடனோ இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் வரட்டும், அழைக்காதபோது தெரியாமல் இருக்கட்டும்.

திரைப்பட, கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து தருவீர்களா?

இல்லை. அவை பிறருடைய பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

நான் உருவாக்கியதைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், நம் ஊர் விலங்குகள் இன்னும் பல திரைகளுக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். நிரலுக்கும் படங்களுக்கும் உரிமம் தனித்தனி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிரலை எம்.ஐ.டி. உரிமத்திலும் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றிலும் வெளியிடலாம். படங்களை வேறொருவர் வரைந்து தந்திருந்தால், பகிரும் உரிமை யாருக்கு என்பதை வரையத் தொடங்கும் முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு, மூலக் கோப்புடன் அந்த உரிமையையும் சேர்த்தே தந்துவிடுகிறேன்.